செல்சியின் 2022-23 சீசன்: தவறு எங்கே தொடங்கியது?

“50 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தும் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சி, இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் 2022-23 சீசனில் எப்படி 12ஆவது இடத்துக்குப் போனது? மேனேஜர் டூகலை நீக்கியதா காரணம், அடுத்து வந்த பாட்டர் சரியில்லாததா, வாங்கிய வீரர்களா?” என்று கேட்டிருந்தீர்கள். மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் 2022 ஜூன் மாதத்தைச் சொல்வேன். அந்த மாதத்தில் செல்சி ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த சீசன் கெட்டுப்போனது அப்போதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். அதற்கு முந்தைய 2021-22 சீசனில் செல்சி 74 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். அதற்கு முந்தைய ஆண்டு, 2021 மே 29 அன்று போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன். அங்கிருந்து 44 புள்ளிகளுக்கு இறங்கினார்கள். ஒரே ஆண்டில் 30 புள்ளி குறைவு. 38 ஆட்டங்களில் 11 வெற்றி, 11 டிரா, 16 தோல்வி. அடித்த கோல் 38, வாங்கிய கோல் 47. பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு செல்சி எடுத்த மிகக் குறைந்த புள்ளிகள் இவைதான். 14ஆவது இடத்தில் முடித்த 1993-94க்குப் பிறகு இவ்வளவு கீழே போனதும் இல்லை. லீகில் அந்த அணியின் அதிக கோல் அடித்தவர் கை ஹாவர்ட்ஸ். எத்தனை தெரியுமா? ஏழு.

அந்த 44 புள்ளிகளை மேனேஜர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். தாமஸ் டூகலின் கீழ் 6 ஆட்டங்களில் 10. கிரஹாம் பாட்டரின் கீழ் 22 ஆட்டங்களில் 28. இடையில் ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பொறுப்பேற்ற புரூனோ சால்டோரின் கீழ் 1. ஃபிராங்க் லாம்பார்டின் கீழ் 9 ஆட்டங்களில் 5. நான்கு பேர் வழிநடத்திய சீசன் அது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் புள்ளி கூட யாருக்கும் கிடைக்கவில்லை. போகப் போக நிலைமை மோசமானதே தவிர, எந்த மாற்றமும் அணியைத் தூக்கி நிறுத்தவில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, 2022 மார்ச் 2 அன்று ரோமன் அப்ரமோவிச் கிளப்பை விற்கப்போவதாக அறிவித்தார். மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு அவர்மீது தடை விதித்தது. அதன்பின் செல்சி இயங்கியது அரசு கொடுத்த ஒரு சிறப்பு உரிமத்தின் பேரில்தான். புதிதாக டிக்கெட் விற்கக் கூடாது, கிளப் கடையைத் திறக்கக் கூடாது, வெளியூர் ஆட்டத்துக்குப் பயணச் செலவு 20 ஆயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது. விளையாட்டு ரீதியாகப் பெரிய அடி வேறொன்று: யாருடனும் புதிய ஒப்பந்தம் போட முடியாது. அந்தோனியோ ரூடிகரும் ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டென்சனும் ஒப்பந்தம் முடிந்து, ஒரு பைசா டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல், ஒருவர் ரியல் மாட்ரிட்டுக்கும் மற்றவர் பார்சிலோனாவுக்கும் போனார்கள். டூகலின் மூவர் தற்காப்பில் இரண்டு தூண்கள் அப்படியே கழன்றுவிட்டன. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னால் நடந்ததை எடைபோடும்போது இதை மறக்கவும் கூடாது.

மே 30 அன்று விற்பனை முடிந்தது. வாங்கியது அமெரிக்கர் டாட் போஹ்லி முன்னின்ற குழு. பெரும்பான்மைப் பங்கு கிளியர்லேக் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம். மொத்த மதிப்பு 425 கோடி பவுண்டு. அதில் 250 கோடி பங்குகளுக்கு, 175 கோடி அடுத்த பத்தாண்டுகளில் கிளப்பில் போடுவதாகச் சொன்ன முதலீடு. கிளப் பிழைத்ததே பெரிது என்றுதான் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உரிமம் மே 31 அன்று காலாவதியாக இருந்தது. ஒரு நாள்தான் மிச்சம். அதனால் புதிய உரிமையாளர்கள்மீது எனக்கு ஆரம்பத்தில் இருந்தது நன்றி. அதை இன்றும் மறுக்கமாட்டேன்.

அடுத்து வந்ததுதான் அந்த ஜூன். 2003இலிருந்து தலைவராக இருந்த ப்ரூஸ் பக் விலகுவதாக அறிவிப்பு வந்தது. சில நாட்களில் மரினா கிரனோவ்ஸ்கயா போகிறார் என்ற செய்தி. இவர் 2013இலிருந்து இயக்குநர். வீரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அந்த மாத இறுதிக்குள் பீட்டர் செக்கும் விடைபெற்றார். ஒரு காலத்தில் கோல்கீப்பராகக் கொடிகட்டிப் பறந்தவர், 2019இலிருந்து தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தவர். மேனேஜருக்கும் இயக்குநர் குழுவுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்தின் மொழியையும் புரிந்துகொண்டவர் அவர். தடைக்காலத்தில் டூகல் தனியாகச் செய்தியாளர்களை எதிர்கொண்டபோது உள்ளே அவருக்குத் துணையாக இருந்தவர் செக்.

புதிய முதலாளி பழைய நிர்வாகத்தை மாற்றுவது இயல்புதான். பழையவர்கள் போனதைவிட என்னை உறுத்துவது, அவர்களுடைய நாற்காலியில் உட்கார ஆள் தயாராக இல்லாமல் அவர்களைப் போகவிட்டது. கோடைக்கால டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்க அனுமதியுள்ள காலம், திறந்திருந்த நேரம் அது. யாரை வாங்குவது, யாரை விற்பது என்று பார்க்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டர் பொறுப்பை போஹ்லி தற்காலிகமாகத் தானே எடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் பங்கு வைத்திருப்பவர், விளையாட்டு வணிகம் தெரிந்தவர். ஆனால் ஐரோப்பியக் கால்பந்துச் சந்தையில் அன்றைக்குத்தான் முதல் அடி எடுத்து வைத்தார். எந்த ஏஜென்ட் விலையை ஏற்றிச் சொல்வார், எந்தக் கிளப் கடைசி வாரத்தில் இறங்கி வரும், எந்த வீரருக்கு முழங்காலில் பழைய காயம் உண்டு என்பதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. இருபது வருடம் தொலைபேசியில் பேசிப் பேசிச் சேர்த்த அறிவு. அது மூன்று பேருடன் சேர்ந்து கதவைத் தாண்டிப் போய்விட்டது.

விளைவு உடனே தெரிந்தது. ரஹீம் ஸ்டெர்லிங், கலிதூ கூலிபாலி, மார்க் குகுரெயா, வெஸ்லி ஃபொஃபானா என்று வரிசையாக வாங்கினார்கள். ஃபொஃபானாவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 7 கோடி பவுண்டு. மேனேஜர் டூகலோ பயிற்சி மைதானத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் வாங்கும் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அதில் அவருக்கு விருப்பமில்லை என்பது அப்போதே வெளியே வந்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோவை அழைத்து வரலாமா என்ற யோசனைக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் பரவலாகச் செய்தி வந்தது.

கோடையின் கடைசி நாளில், செப்டம்பர் 1 அன்று, பியெர்-எமெரிக் ஆபமெயாங் வந்தார். ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டில் டூகலின் கீழ் கோல்களைக் குவித்தவர். டூகல் இருக்கிறார் என்பதால்தான் அந்த ஒப்பந்தத்துக்கே அர்த்தம் இருந்தது. செப்டம்பர் 6 அன்று டினாமோ ஜாக்ரெப்புக்கு எதிராக அவர் செல்சிக்காக முதல்முறை ஆடினார். செல்சி 1-0 என்று தோற்றது. மறுநாள் காலை டூகல் இல்லை. புதிய உரிமையாளர்கள் வந்து சரியாக 100 நாள். அது டூகலின் 100ஆவது ஆட்டமும்கூட. யாரை நம்பி வந்தாரோ அவர் ஆறு நாளில் போய்விட்டார். ஆபமெயாங் அந்த சீசன் முழுக்க லீகில் அடித்தது ஒரே ஒரு கோல். பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டது. அந்த ஆண்டைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஒரு வீரரின் கதையைத்தான். திட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

டூகலை நீக்கியது தவறா? அணி நன்றாக ஆடவில்லை என்பது உண்மை. லீட்ஸிடம் 3-0, சவுத்தாம்ப்டனிடம் 2-1 தோல்வி. அவர் முகத்திலேயே சோர்வு தெரிந்தது. உரிமையாளர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் பிரிவதில் தவறில்லை. ஆனால் அது ஜூனிலேயே தெரிந்திருக்க வேண்டும். கோடை முழுவதும் அவரைக் கேட்டு வாங்கிவிட்டு, கடை மூடிய ஆறாம் நாள் அவரை அனுப்பினால், வருகிறவர் வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படி வந்தவர் கிரஹாம் பாட்டர். பிரைட்டனுக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்து, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூட்டி வந்தார்கள். இவரைப் பற்றி இணையத்தில் நடந்த கேலி எனக்கு இன்றும் வலிக்கிறது. ஸ்வீடனில் நான்காம் நிலையில் கிடந்த ஓஸ்டர்சுண்ட் அணியைக் கட்டியெழுப்பி முதல் நிலைக்குக் கொண்டுவந்தவர். 2017இல் ஸ்வீடன் கோப்பையை வென்று, ஐரோப்பா லீகில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என்று வீழ்த்திய அணி அது. பிரைட்டனை 2021-22இல் ஒன்பதாம் இடத்துக்கு உயர்த்தினார். செல்சி அழைத்தபோது பிரைட்டன் பட்டியலில் நான்காவது. இவை எதுவும் அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை. அவருடைய முறைக்கு ஒன்று வேண்டும்: நேரம். பயிற்சி மைதானத்தில் நாள்கணக்கில் நின்று, ஒவ்வொரு வீரருக்கும் எந்த இடத்தில் நிற்க வேண்டும், பந்து எங்கே இருந்தால் யார் நகர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் நேரம்.

செல்சியில் அவருக்குக் கிடைக்காதது அதுதான். அவர் பொறுப்பேற்ற செப்டம்பர் 8 அன்றே எலிசபெத் மகாராணி காலமானார். இரண்டு லீக் ஆட்டங்கள் தள்ளிப்போயின. அவருடைய முதல் லீக் ஆட்டமே அக்டோபர் 1 அன்றுதான். அந்த ஆண்டு கத்தார் உலகக் கோப்பை நவம்பரில். அதனால் அதற்கு முன் எல்லா ஆட்டங்களையும் நெருக்கி அடுக்கினார்கள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாளில் 13 ஆட்டங்கள். மூன்று நாளைக்கு ஒன்று என்றால் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் பயணம், மூன்றாம் நாள் ஆட்டம். எதைச் சொல்லிக்கொடுப்பது? அப்படி இருந்தும் முதல் ஒன்பது ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஏசி மிலானை 3-0, 2-0 என்று இருமுறை வீழ்த்தினார்கள். பலர் இதை மறந்துவிட்டார்கள்.

அந்த முதல் மிலான் வெற்றியிலேயே விலை கொடுக்க வேண்டியிருந்தது. முதல் கோலை அடித்த ஃபொஃபானா முழங்கால் காயத்தோடு அதே ஆட்டத்தில் வெளியேறினார். அடுத்த வாரம் மிலானில் ரீஸ் ஜேம்ஸுக்கு முழங்கால் போனது. என்கோலோ கான்டே ஆகஸ்டிலேயே தொடைத் தசைக் காயத்தால் படுத்துவிட்டார். நவம்பர் தொடக்கத்தில் பென் சில்வெல்லுக்கும் அதே தசை. உலகக் கோப்பை இடைவேளையில் ஆடிய நட்பு ஆட்டத்தில் அர்மாண்டோ புரோயாவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. இரண்டு பக்கவாட்டு வீரர்கள், நடுகளத்தின் உயிர், புதிதாக வாங்கிய தடுப்பாளர், இளம் ஸ்ட்ரைக்கர் என்று முதுகெலும்பே இல்லாத அணியைத்தான் பாட்டர் நடத்தினார்.

பாட்டரிடம் தவறே இல்லை என்று சொல்லவில்லை. அக்டோபர் 29, பிரைட்டன். அவருடைய பழைய வீடு, அவர் கட்டிய அணி. அன்று ஸ்டெர்லிங்கையும் கிறிஸ்டியன் புலிசிக்கையும் விங்-பேக்காக, அதாவது தற்காப்பு வேலையும் உள்ள பக்கவாட்டு வீரர்களாக, நிறுத்தினார். இருவரும் தாக்குதல் வீரர்கள். ஐந்தாம் நிமிடத்தில் லியாண்ட்ரோ ட்ரோசார்ட் கோல் அடித்தார். பிறகு ரூபன் லாஃப்டஸ்-சீக், ட்ரெவோ சலோபா இருவரும் ஆளுக்கொரு சொந்த கோல். இடைவேளைக்குள் 3-0, முடிவில் 4-1. அன்றைக்கு எதிரணியின் ஒவ்வொரு வீரரும் இவர் சொல்லிக்கொடுத்ததை வைத்தே இவரை அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாரத்துக்கு ஒரு அமைப்பை மாற்றினார். தோல்விக்குப் பின் அவர் பேசும் அமைதியான தொனி வெற்றிக்குப் பழகிய ரசிகர்களுக்குப் புரியவில்லை. ஜனவரி 8 அன்று எஃப்ஏ கோப்பையில் சிட்டியிடம் 4-0 என்று தோற்றபோது, வெளியூருக்கு வந்திருந்த செல்சி ரசிகர்கள் டூகலின் பெயரையும் அப்ரமோவிச்சின் பெயரையும் பாடினார்கள்.

பிப்ரவரியில் தனக்கும் தன் குழந்தைகளுக்கும் சாவு வேண்டும் என்று மின்னஞ்சல் வருவதாக பாட்டர் வெளிப்படையாகச் சொன்னார். எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் சரி, அந்த இடத்தில் நாம் வெட்கப்பட வேண்டும்.

இனி ஜனவரி விண்டோ. உங்கள் கேள்வியின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் எட்டு வீரர்கள். முட்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ், பெனுவா பாடியாஷில், நோனி மடுவேக்கே, மாலோ குஸ்தோ, ஆண்ட்ரே சாந்தோஸ், டாவிட் டாட்ரோ ஃபொஃபானா, கடனாக ஜோவாவ் ஃபெலிக்ஸ். இதில் ஃபெலிக்ஸ் ஃபுல்ஹாமுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி மூன்று ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். ஆர்சனல் துரத்திக்கொண்டிருந்த மிகைலோ முட்ரிக்கை இடையில் புகுந்து எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் தூக்கி வந்தார்கள். லிவர்பூலுக்கு எதிராக மாற்று வீரராக வந்து முதல் நாள் மின்னினார். அந்த சீசனில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கடைசி இரவில் உலகக் கோப்பையின் சிறந்த இளம் வீரர் என்சோவை 10.68 கோடி பவுண்டுக்கு பென்ஃபிகாவிடமிருந்து வாங்கினார்கள். பிரிட்டனில் அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அந்த எட்டுப் பெயரையும் இன்னொருமுறை படியுங்கள். கோல் அடிக்கத் தெரிந்த, நிரூபிக்கப்பட்ட ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கிறாரா? டாட்ரோ ஃபொஃபானா மோல்டேவிலிருந்து வந்த 20 வயதுப் பையன். ரொமேலு லுகாகுவைக் கோடையிலேயே இன்டருக்குக் கடன் கொடுத்தாகிவிட்டது, டிமோ வெர்னர் லைப்சிக்குக்குத் திரும்பிவிட்டார், புரோயா மருத்துவமனையில். ஆட்டத்துக்கு ஒரு கோல் அடிக்கவே திணறும் அணி, உலகிலேயே அதிகம் செலவழித்த மாதத்தில், அந்த ஒரே ஓட்டையை அடைக்கவில்லை. பணம் போதவில்லை என்பதால் நடந்தது இல்லை இது. “இந்த அணிக்கு இப்போது என்ன தேவை?” என்று கேட்டு முடிவெடுக்கும் ஒரு ஆள் நடுவில் இல்லாததால் நடந்தது. என்சோவை வாங்கிய அதே நாளில் ஜோர்ஜின்யோவை ஆர்சனலுக்கு விற்றார்கள். கான்டே இன்னும் திரும்பாத நடுகளத்தில், அனுபவமுள்ள ஒருவரை எதிரி அணிக்குக் கொடுத்தார்கள். அதே இரவில் செல்சி வீரர் ஹகிம் ஜியெச் பாரிஸுக்குப் போய், அங்குள்ள பிஎஸ்ஜி கிளப்பில் கடனாகச் சேரக் காத்திருந்தார். ஆவணங்கள் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மேல்முறையீடும் தள்ளுபடி. அவர் திரும்பி வந்து, தன்னை அனுப்பிவிட நினைத்த அணியின் சட்டையையே மறுபடி போட்டுக்கொண்டார். கிரனோவ்ஸ்கயா காலத்தில் இப்படி ஒரு கடைசி நேரக் குளறுபடியை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நீண்ட ஒப்பந்தங்களின் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீரருக்கு 10 கோடி கொடுத்தால் அது அந்த ஆண்டே முழுச் செலவாக ஏட்டில் ஏறாது. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கு போடுவார்கள். ஐந்து ஆண்டு என்றால் ஆண்டுக்கு 2 கோடி. எட்டு ஆண்டு என்றால் ஒன்றேகால் கோடி. நிதி விதிகளுக்குள் நின்றுகொண்டே அதிகம் வாங்க இது வழி. அமெரிக்க பேஸ்பாலில் பத்தாண்டு ஒப்பந்தம் சாதாரணம் என்பதால் போஹ்லி தரப்புக்கு இது விசித்திரமாகப் படவில்லை. விதியை மீறாமல் விதியின் இடைவெளியைக் கண்டுபிடித்த புத்திசாலித்தனம் அதில் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2023 கோடையிலிருந்து இந்தக் கணக்கை ஐந்தாண்டுக்கு மட்டும் என்று அடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகளும் அப்படியே முடிவெடுத்தன. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வீரர் சரிவரவில்லை என்றால் எட்டு ஆண்டு உங்களிடம் இருப்பார். சம்பளமும் ஓடும். இன்னொரு கிளப் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வராது.

டிரெஸ்ஸிங் ரூமில் என்ன ஆனது என்று பாருங்கள். செல்சியின் கோப்ஹாம் (Cobham) பயிற்சி மையத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட முதல்நிலை வீரர்கள். உட்கார இடம் போதாமல் சிலர் தாழ்வாரத்தில் உடைமாற்றினார்கள் என்று செய்தி வந்தது. பயிற்சியில் பதினொருவருக்கு எதிராகப் பதினொருவர் ஆடினாலும் இன்னும் பத்துப் பேர் ஓரத்தில் நிற்பார்கள். சாம்பியன்ஸ் லீகின் அடுத்த கட்டத்துக்குப் புதிதாக மூன்று பேரை மட்டுமே சேர்க்கலாம் என்பது விதி. என்சோ, முட்ரிக், ஃபெலிக்ஸ் பெயர்கள் போயின. அப்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்த பாடியாஷிலுக்கு இடமில்லை. சனிக்கிழமை ஆடியவர் புதன்கிழமை ஆட முடியாது. ஒரே தற்காப்பு வரிசையை மூன்று வாரம் தொடர்ந்து நிறுத்த முடியாத மேனேஜரிடம் கூட்டணி வளரவில்லையே என்று கேட்பது நியாயமா?

நிர்வாகத்தில் காலியான இடங்களை நிரப்பியதும் இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான். பிரைட்டனிலிருந்து பால் வின்ஸ்டன்லி நவம்பரில் வந்தார். கிறிஸ்டோஃபர் விவெல் டிசம்பரில் வந்து சில மாதங்களிலேயே போனார். மொனாக்கோவிலிருந்து லாரன்ஸ் ஸ்டூவர்ட் பிப்ரவரியில் பொறுப்பேற்றார். வின்ஸ்டன்லியும் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து ஸ்போர்ட்டிங் டைரக்டர்கள் ஆனபோது டூகல் போய் ஐந்து மாதம், பாட்டர் வந்தும் ஐந்து மாதம். இரண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோவும் மூடியாகிவிட்டது. வீட்டைக் கட்டி முடித்த பிறகு வரைபடம் போடுகிறவரை வேலைக்கு எடுத்த மாதிரி. இவர்கள் முந்தைய ஜூனில் இருந்திருந்தால் முதலில் மேனேஜர் யார் என்று முடிவாகியிருக்கும், பிறகு அவருக்கேற்ற வீரர்கள். நடந்தது தலைகீழ்.

“அப்ரமோவிச்சும்தான் மேனேஜர்களை மாற்றிக்கொண்டே இருந்தார், கோப்பைகள் வந்தனவே” என்று யாராவது சொல்லலாம். நல்ல எதிர்வாதம். 2012 மார்ச்சில் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸை நீக்கி ராபர்டோ டி மத்தேயோவிடம் கொடுத்தார்கள். மே 19 அன்று மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் வந்தது. லீகில் ஆறாம் இடம்தான், ஆனாலும் வந்தது. 2015 டிசம்பரில் ஜோசே மொரின்யோ போனபோது அணி 16ஆம் இடத்தில் கிடந்தது. அந்த சீசன் பத்தாம் இடத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டே அந்தோனியோ கோன்டே 93 புள்ளிகளுடன் பட்டம் வென்றார். 2021 ஜனவரியில் லாம்பார்டை எடுத்து டூகலை வைத்தார்கள். நான்கு மாதத்தில் போர்ட்டோ. அப்போதெல்லாம் மேனேஜர் மாறினார், அவருக்கு மேலே இருந்தவர்கள் மாறவில்லை. 2012இல் டிரெஸ்ஸிங் ரூமில் ஜான் டெர்ரி, டிடியே ட்ரோக்பா, செக், லாம்பார்ட் என்று ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள் இருந்தார்கள். யார் மேனேஜராக வந்தாலும் ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர்கள். 2022-23இல் உரிமையாளர், தலைவர், இயக்குநர், ஆலோசகர், மேனேஜர், பாதி அணி எல்லாமே ஒரே ஆண்டில் மாறின. பழைய பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பழக்கத்தைத் தாங்கி நின்ற தூண்களை இழந்துவிட்டு.

ஏப்ரல் மாதத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. ஏப்ரல் 1 அன்று சொந்த மைதானமான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் ஆஸ்டன் வில்லாவிடம் 2-0 தோல்வி, மறுநாள் பாட்டர் நீக்கம். 31 ஆட்டங்களில் 12 வெற்றி. அடுத்து யார் என்ற பதில் கையில் இல்லாமலேயே நீக்கினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் டூகல் பயர்ன் மியூனிக்கில் பொறுப்பேற்றிருந்தார், சீசனின் கடைசி நாளில் ஜெர்மன் பட்டமும் வென்றார். செல்சியோ லாம்பார்டைக் கூப்பிட்டது. கிளப்பின் வரலாற்றிலேயே அதிகமாக 211 கோல் அடித்தவர், எங்கள் தலைமுறையின் ஹீரோ. ஆனால் ஜனவரியில்தான் எவர்ட்டன் அவரை நீக்கியிருந்தது. முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. ரியல் மாட்ரிட்டிடம் 2-0, மறுபடி 2-0. 11 ஆட்டங்களில் போர்ன்மவுத்துக்கு எதிராக ஒரே ஒரு வெற்றி. அவ்வளவு பெரிய வீரரை அந்த நிலையில் மைதான ஓரத்தில் நிற்க வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மே 29 அன்று மவுரிசியோ பொச்சட்டினோ அறிவிக்கப்பட்டார். அந்தக் கோடையில் மேசன் மவுண்ட், ஹாவர்ட்ஸ், மத்தேயோ கோவாசிச், கான்டே, கூலிபாலி, எடுவார்ட் மெண்டி என்று போர்ட்டோ இரவின் ஆட்களும் அதற்குப் பின் வந்தவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். கிளப்பின் அகாடமியில் வளர்ந்த மவுண்ட் போனதுதான் அதிகம் வலித்தது. சொந்தமாக வளர்த்த வீரருக்கு ஏட்டில் கொள்முதல் விலை இல்லை, விற்ற தொகை முழுவதும் லாபம். ஜனவரியில் கொட்டிய பணத்துக்குக் கணக்கு நேராக்க அவரைப் போன்றவர்கள்தான் முதலில் போக வேண்டியிருக்கும். ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாத அடுத்த சீசனில் ஆறாம் இடம், அதற்கடுத்து நான்காம் இடம். ஏறி வர இரண்டு ஆண்டு பிடித்தது.

“பாட்டருக்கு அவகாசம் கொடுத்திருந்தால்?” என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நான் ஒரு ஆட்டத்தைத்தான் காட்டுவேன். 2023 மார்ச் 7, சாம்பியன்ஸ் லீகில் டார்ட்மண்டுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது, ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ். முதல் ஆட்டத்தில் 1-0 பின்னடைவு. அன்று ஜேம்ஸும் சில்வெல்லும் ஒரே நேரத்தில் உடல்நலத்தோடு இரண்டு பக்கமும் ஆடினார்கள். பின்னால் மூவர், நடுவில் என்சோவும் கோவாசிச்சும். சில்வெல் அனுப்பிய பந்தில் ஸ்டெர்லிங் முதல் கோல். ஹாவர்ட்ஸின் பெனால்ட்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது, எதிரணியினர் முன்கூட்டியே உள்ளே ஓடி வந்ததால் மறுபடி அடிக்கச் சொன்னார் நடுவர், அதே மூலையில் போட்டார். 2-0. விசில் ஊதியதும் பாட்டர் இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அந்த ஒரு இரவில் ஒவ்வொருவரும் தன் இடத்தில் இருந்தார்கள், அரங்கமும் அவர் பக்கம் இருந்தது. அதிலிருந்து 26ஆவது நாள் அவர் பதவியில் இல்லை.